லைசன்ஸை நிறுத்துமுன் தொழிலைக் கேளுங்கள்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சிறுவர், சமூக மற்றும் சமூகசேவைகள் அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

பிரிந்துபோன தகப்பன், சில வீடுகளில் தாய், பிள்ளைக்குத் தரவேண்டிய தாபரிப்புக் காசைக் கட்டாமல் விட்டால், உங்கள் அமைச்சின் கீழுள்ள குடும்பப் பொறுப்பு அலுவலகம் அவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தை நிறுத்திவைக்கலாம். 1996ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த அதிகாரம் அது. முதல் அறிவித்தல் வந்து 30 நாட்களுக்குள் நிலுவையைக் கட்டவேண்டும், அல்லது அலுவலகத்தோடு பேசி ஓர் ஒழுங்குக்கு வரவேண்டும், அல்லது நீதிமன்றம் போய், லைசன்ஸை நிறுத்தவிடாமல் தடுக்கும் உத்தரவு எடுக்கவேண்டும். மூன்றும் இல்லையென்றால் லைசன்ஸ் போய்விடும்.

இந்த அதிகாரத்தைக் கைவிடுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்து மார்க்கம் நகரிலும் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாரிடம் முதலாம் திகதி வாடகை கேட்பவர் தகப்பனின் கஷ்டத்தை விசாரிப்பதில்லை. சம்பளச் சீட்டோடு வேலை செய்பவரிடம் நிகர வருமானத்தில் பாதிவரை நீங்கள் நேரே பிடித்தெடுக்கலாம். கையில் காசு வாங்கி வேலை செய்பவரிடமோ, தம்பியின் பெயரில் கடை நடத்துபவரிடமோ பிடிக்க எதுவும் அகப்படாது. அவர்களை அசைக்க லைசன்ஸையும் கடவுச்சீட்டையும் நிறுத்துவதுதான் பெரும்பாலும் மிஞ்சுகிறது. (இப்படியானவர்கள் எங்கள் கலியாண வீடுகளில் முன்வரிசையில் இருப்பார்கள். அது வேறு கதை.)

என் முறைப்பாடு, அதே அறிவித்தல் வேலை குறைந்துபோன ட்ரக் சாரதிக்கும் போகிறது என்பதுதான். டாக்ஸி, ஊபர், சாப்பாட்டு விநியோகம், பஸ் போகாத தொழிற்பேட்டையில் இரவு வேலை என்று எங்கள் தமிழ் ஆட்களில் எத்தனையோ பேர் ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் உழைக்கிறார்கள். கடை முதலாளிக்கு லைசன்ஸ் போனால் மகன் கூட்டிக்கொண்டு போவான். ட்ரக் சாரதிக்கு லைசன்ஸ் போனால் அடுத்த மாதத் தாபரிப்பும் அதோடு போய்விடும். துணிந்து ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவையே 1,000 முதல் 5,000 டொலர் வரை குற்றப்பணம், சிறைக்கும் இடமுண்டு. அந்தக் காசில் ஒரு சதமும் பிள்ளைக்கு வராது.

இன்னொன்று, எங்கள் ஆட்களுக்கு அநேகமாகத் தெரியாதது. தாபரிப்புத் தொகையைக் குறைக்க உங்கள் அலுவலகத்துக்கு அதிகாரமில்லை, நீதிமன்றத்தால்தான் அது முடியும். வேலை போனவர் அலுவலகத்துக்குப் போன் எடுத்து நிலைமையைச் சொல்லிவிட்டு, விஷயம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார். பழைய தொகை மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும். பிறகு நீதிமன்றம் போனாலும், வருமானம் குறைந்ததை மற்றப் பெற்றோருக்கு நேரத்தோடு அறிவித்து ஆவணம் காட்டாதவருக்குப் பழைய நிலுவையைக் குறைப்பது இலகுவல்ல. 2021இல் கனடா உச்ச நீதிமன்றம் கொலூச்சி வழக்கில் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு நியாயம் என்றே நினைக்கிறேன், வருமானத்தை ஒளிப்பவருக்குச் சலுகை எதற்கு? ஆனால் வேலை போனவுடனேயே நீதிமன்றம் போகவேண்டும் என்பதை யாராவது அவருக்குப் புரியும்படி சொல்லியிருக்கவேண்டாமா?

அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் இப்படி லைசன்ஸை நிறுத்த வழி வைத்திருக்கவேண்டும் என்று 1996இலேயே மத்திய சட்டம் வந்தது. அந்த நாட்டிலேயே கலிபோர்னியா இப்போது ஒரு கோடு கீறியிருக்கிறது. 2025 ஜனவரி முதல், வசிக்கும் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) இடைநிலை வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் வீட்டு வருமானம் இல்லாதவரின் லைசன்ஸில் தாபரிப்பு நிலுவைக்காகக் கை வைப்பதில்லை. எங்கள் மாகாணத்துக்கு எந்த எண் பொருந்தும் என்பதை உங்கள் அதிகாரிகள் கணக்குப் பார்க்கட்டும்.

அதுவரை செய்யக்கூடியதும் உண்டு. லைசன்ஸை நிறுத்துவதா இல்லையா என்பது உங்கள் குடும்பப் பொறுப்பு அலுவலக இயக்குநரின் தீர்மானம், ஆகவே புதுச் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நிறுத்துமுன் ஓர் அதிகாரி போன் எடுத்து, என்ன தொழில், வாகனம் இல்லாமல் அது நடக்குமா என்று கேட்கட்டும். வாகனம் ஓடித்தான் உழைக்கிறார் என்றால், அவரால் இயன்ற தவணையை முதலில் எழுதி வாங்குங்கள். அதையும் மீறினால் நிறுத்துங்கள், நான் குறுக்கே வரமாட்டேன். முதல் அறிவித்தலின் முன்பக்கத்திலேயே, தொகையை மாற்ற நீதிமன்றம்தான் போகவேண்டும், இந்த 30 நாட்களுக்குள்ளேயே போங்கள் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். அந்த ஒரு பக்கமாவது தமிழிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வாழும் ஒரு தாய்