வியட்நாம் மாணவருக்குச் சொற்பட்டியல் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம் படித்த பட்டதாரிகள் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு மாணவர்களுக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பித்து வருவாய் ஈட்டலாம் என்று தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். படித்து முடித்ததும் வேலை தேடிப் பெங்களூருக்கோ ஓசூருக்கோ கிளம்ப வேண்டியிருக்கிற எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, அது நல்ல வழிகாட்டல்தான். ஆனால் உயர்நிலை மாணவர்களுக்கு நாள்தோறும் இருபது கடினச் சொற்களைப் பொருளோடு கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று அதில் சொல்லப்பட்டிருந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்று, கடந்த ஆறு ஆண்டுகளாக வியட்நாமியர்களுக்கு இணையவழியில் கற்பித்து வருபவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இங்கே மாலை 6.30 மணி என்றால் ஹனோயில் இரவு 8 மணி. வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டுக் கணினிமுன் வந்து அமரும் என் மாணவர்கள் பெரும்பாலும் கணக்காளர்கள், செவிலியர்கள், பொறியாளர்கள். அன்றாடப் பேச்சுக்கான ஆங்கிலம் அவர்களுக்கு வந்துவிட்டது. ஆங்கிலத் திறனை அளக்கும் ஐயெல்ட்ஸ் தேர்வில் 6 என்ற இடத்தில் நின்றுகொண்டு 7-க்கு ஏற முடியாமல் தவிப்பவர்களும், அலுவலக அறிக்கையை மேலதிகாரி திருத்தாமல் அனுப்பும் நாள் வராதா என்று ஏங்குபவர்களுமே என்னிடம் வருகிறார்கள். இந்தத் தேவை இனிமேலும் கூடும். வியட்நாம் அரசு 2008-லேயே அயல்மொழிக் கல்விக்கெனத் தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. பள்ளிகளில் ஆங்கிலத்தைப் படிப்படியாக இரண்டாம் மொழியாக ஆக்க வேண்டும் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டின் ஆளுங்கட்சி முடிவெடுத்தது.

கட்டுரையாளர் சொன்ன வழியில்தான் நானும் தொடங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டில் நான் கொடுத்த பட்டியலில் 'ப்ளெத்தொரா' என்ற சொல் இருந்தது, பொருள், மிகுதி. அடுத்த வகுப்பில் ஹைஃபோங் நகரத்துக் கணக்காளர் ஒருவர், தம் வீட்டில் எட்டுப் பேர் இருப்பதைச் சொல்ல, 'எங்கள் குடும்பத்தில் மனிதர்களின் ப்ளெத்தொரா இருக்கிறது' என்று எழுதி வந்தார். பொருளை அவர் சரியாகவே படித்திருந்தார். அந்தச் சொல் எங்கே புழங்கும், எதனோடு சேரும் என்பதைச் சொல்லித்தராத பிழை என்னுடையது. அன்றிரவே பட்டியலை மூடி வைத்துவிட்டு, அவர்களுடைய மொழியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

வியட்நாமிய மொழியில் சொல் உருமாறுவதில்லை. காலம் காட்ட, பன்மை காட்ட, பெயரை வினையாக்க, எதற்கும் சொல்லின் வடிவத்தைத் தொடுவதில்லை. 'தாஞ் கோங்' என்ற ஒரே சொல் வெற்றி, வெற்றிபெறு, வெற்றிகரமான ஆகிய மூன்றுக்கும் பொது. ஆங்கிலத்திலோ 'சக்ஸஸ்', 'சக்ஸீட்', 'சக்ஸஸ்ஃபுல்' என மூன்று வடிவங்கள். ஆகவே, 'மை கம்பெனி வெரி சக்ஸஸ்' என்று ஒரு மாணவர் சொல்லும்போது அது கவனக்குறைவன்று. தம் மொழியின் ஒழுங்குப்படி அவர் சரியாகவே பேசுகிறார். அந்த மொழியில் பண்புச்சொல்லுக்கு முன்னால் 'இஸ்' போன்ற சொல்லும் தேவையில்லை. இப்படிப்பட்டவருக்கு 'சக்ஸஸ் என்றால் வெற்றி' என்று ஒற்றைச் சொல்லாகக் கொடுத்தால் பாதிக் கதவைத்தான் திறந்துவிடுகிறோம். 'அனலைஸ்' என்று கொடுத்தால் 'அனாலிசிஸ்', 'அனலிஸ்ட்', 'அனலிட்டிக்கல்' என்று குடும்பத்தையே சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதையும் காட்ட வேண்டும்.

இதற்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருக்கிறது. வியட்நாமியச் சொல் உயிரொலியில் முடியும். இல்லையேல் ப், த், க், ம், ன், ங் போன்ற சில மெய்களில் மட்டும் முடியும். ஸ், ஃப், ல் ஆகியவற்றில் முடிவதில்லை. இரண்டு மெய்கள் அடுத்தடுத்து வந்து முடிவதும் இல்லை. வல்லின மெய் ஈற்றில் வராத தமிழில் வளர்ந்த நாம் ஓர் உகரத்தைச் சேர்த்து 'பஸ்ஸு', 'ரைஸு' என்கிறோம். அவர்கள் கடைசி ஒலியையே விழுங்கிவிடுகிறார்கள். 'டிஃபரென்ட்', 'டிஃபரென்ஸ்' இரண்டும் அவர்கள் வாயில் 'டிஃபரென்' ஆகிவிடுகின்றன. காதில் வேறுபடாதது எழுத்திலும் வேறுபடாது. 'ஐ ஆம் டிஃபரென்ஸ்' என்று எழுதியே வருவார்கள். ஆங்கில உயர்சொற்களின் இலக்கணமெல்லாம் வாலில் இருப்பதால், ஈற்றொலியைக் கேட்கப் பழக்காமல் சொற்களஞ்சியத்தைப் பெருக்க முயல்வது வீண் உழைப்பு. என் வகுப்பில் முதல் பத்து நிமிடம் ஈற்றொலிக்கு மட்டுமே. இரண்டு சொற்களில் ஒன்றை நான் சொல்வேன். எதைச் சொன்னேன் என்று அவர்கள் எழுதிக் காட்ட வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உயர்நிலை ஆங்கிலச் சொற்களுக்கான திறவுகோல் வியட்நாமியரின் மொழிக்குள்ளேயே இருக்கிறது. கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை, இடையில் சில காலம் நீங்கலாக, அந்த நாடு சீனப் பேரரசுகளின் ஆட்சியில் இருந்தது. அதன்பிறகும் அரசுப் பணிக்கான தேர்வுகள் செவ்வியல் சீனத்தில் நடந்தன. கடைசித் தேர்வு 1919-இல் நடந்தது. ஆகவே கல்வி, சட்டம், அறிவியல், ஆட்சி ஆகிய துறைகளின் சொற்கள் பெரும்பாலும் சீன வேர்களிலிருந்து கட்டப்பட்டவை. ஆங்கிலம் தன் உயர்சொற்களை இலத்தீன், கிரேக்க வேர்களிலிருந்து கட்டிக்கொண்டதைப் போன்றதே இது.

சில சொற்களைப் பாருங்கள். 'ஹொக்' என்றால் கல்வி. 'சிஞ் ஹொக்' உயிரியல், 'தம் லீ ஹொக்' உளவியல், 'சா ஹோய் ஹொக்' சமூகவியல். ஆங்கிலத்தில் 'பயாலஜி', 'சைக்காலஜி', 'சோஷியாலஜி' என்று 'லஜி' செய்கிற வேலையை அங்கே 'ஹொக்' செய்கிறது; நம்மிடம் 'இயல்' செய்கிறது. 'ஹ்வா' என்பது ஆதல், ஆக்கல். 'கோங் ஙியெப் ஹ்வா' தொழில்மயமாதல், 'டோ தி ஹ்வா' நகரமயமாதல். ஆங்கிலத்தில் 'ஐசேஷன்' என்று முடியும் நீண்ட சொற்கள். 'தாய்' என்பது நம் 'மறு', ஆங்கிலத்தின் 'ரீ'. 'தாய் சே' மறுசுழற்சி, 'தாய் சிஞ்' மறுபிறப்பு. 'ஃபான் உங்' எதிர்வினை, 'ரியாக்‌ஷன்'. எனக்கு மிகவும் பிடித்தது 'பத் டோங் சான்'. பத் என்றால் இல்லை, டோங் என்றால் அசைதல், சான் என்றால் சொத்து. பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நாம் அன்றாடம் கேட்கும் 'அசையாச் சொத்து' அப்படியே அங்கே இருக்கிறது. 'இம்மூவபிள்' என்ற சொல்லை 'இம்', 'மூவ்', 'ஏபிள்' என்று பிரித்து, அதன்பக்கத்தில் 'பத் டோங்' என்பதை எழுதிக் காட்டியபோது, சட்ட அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு மாணவி சிறிது நேரம் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் 'இம்', 'இன்', 'இல்' என்று தொடங்கும் சொற்களை அவரே தேடித்தேடிக் கொண்டுவரத் தொடங்கினார்.

சந்தூர், போச்சம்பள்ளிப் பக்கத்து நாற்றங்கால்களில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவதை நம் மாவட்டத்தார் பார்த்திருப்பார்கள். நாட்டு மாங்கொட்டையை முளைக்கவிட்டு, அந்தத் தண்டின்மேல்தான் மல்கோவாக் குச்சியை வைத்துக் கட்டுகிறார்கள். குச்சியை வெறும் மண்ணில் நட்டால் சில நாள் பச்சையாக நிற்கும், பிறகு காய்ந்துவிடும். தாய்மொழியில் ஊன்றாமல் மனப்பாடம் செய்த சொல்லும் தேர்வு நாள்வரைதான் பச்சையாக இருக்கும்.

இந்த வழியிலும் எச்சரிக்கை வேண்டும். 'கோங்' என்று ஒரே ஒலியில் வருவது வெற்றியைக் குறிக்கும் சொல்லில் ஒரு வேர், தொழிலைக் குறிக்கும் சொல்லில் இன்னொரு வேர், அநீதியைக் குறிக்கும் 'பத் கோங்' என்பதில் வேறொரு வேர். சீன எழுத்தில் மூன்றும் வேறுவேறு. இன்றைய உரோமன் எழுத்தில் மூன்றும் ஒன்று. (அந்த எழுத்துமுறையை ஐரோப்பியப் பாதிரிமார் உருவாக்கினர், அலெக்சாந்தர் தெ ரோத் தொகுத்த வியட்நாமிய அகராதி 1651-இல் உரோமில் அச்சாயிற்று. அடுத்த 28 ஆண்டுகளில், 1679-இல், புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்ச்சுக்கீசிய அகராதி கேரளத்து அம்பலக்காட்டில் அச்சேறியது. இரு மொழிகளுக்கும் உள்ள இந்த ஒற்றுமையை என் மாணவர்களிடம் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன்.) ஆகவே வேர்களைப் பிரிக்கும்போது மாணவரையே அகராதி பார்க்கச் சொல்ல வேண்டும்; ஒலி ஒத்திருப்பதை நம்பி ஆசிரியர் ஊகிக்கக் கூடாது.

சொற்சேர்க்கையில் தாய்மொழி உதவுவதைவிட இடறிவிடுவதே அதிகம். சைகோன் பக்கத்து மாணவர் விளக்கைத் 'திற' என்பார். 'ஓப்பன் த லைட்' என்று எழுதுவார். நம் பிள்ளைகள் 'லைட்டைப் போடு' என்பதை வைத்து 'புட் த லைட்' என்று எழுதுவதில்லையா? அவர்கள் மருந்தைக் குடிக்கிறார்கள், நாம் மாத்திரை போடுகிறோம், ஆங்கிலேயர் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு மழை பெரியது. 'கனமழை' என்னும் நமக்கு 'ஹெவி ரெயின்' எளிதாக வந்துவிடும். உயர்நிலையில் இது இன்னும் நுட்பமாகிறது. முடிவை 'மேக்' செய்கிறோம், ஆய்வின் முடிவுக்கு 'ரீச்' ஆகிறோம், விழிப்புணர்வை 'ரெய்ஸ்' செய்கிறோம். எனவே தனிப் பெயர்ச்சொல்லைக் கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். அதனோடு வரும் வினையையும் சேர்த்தே எழுதிக் கொள்ளச் சொல்கிறேன்.

எந்தச் சொற்களைக் கற்பிப்பது என்பதற்கும் ஒரு முறை உண்டு. வங்காளத்தில் கல்வி அதிகாரியாக இருந்த மைக்கேல் வெஸ்ட் 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலை வெளியிட்டார். நியூசிலாந்தைச் சேர்ந்த ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில், கல்விசார் எழுத்துகளில் பல துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைத் தொகுத்தார்; அத்தகைய எழுத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு சொல் இவற்றைச் சேர்ந்தது. 'அசெஸ்', 'அஸ்யூம்', 'கன்சிஸ்டன்ட்', 'சிக்னிஃபிகன்ட்' போன்ற ஆரவாரமற்ற, ஆனால் எங்கும் தேவைப்படும் சொற்கள் அதில் உள்ளன. நான் முதலாண்டில் பெருமையோடு கொடுத்த 'ப்ளெத்தொரா' அதில் இல்லை. நாளிதழையும் நாவலையும் பிறர் துணையின்றிப் படிக்க எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்று மொழியியல் அறிஞர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அவ்வளவையும் எந்த ஆசிரியராலும் பட்டியல் போட்டுக் கொடுக்க முடியாது. வேரையும் ஈற்றையும் கண்டுகொள்ளும் பழக்கத்தைக் கொடுத்தால், மிச்சத்தை மாணவர் படித்துப் படித்துத் தாமே சேர்த்துக்கொள்வார். படித்ததை இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பது ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இல் மறதியை ஆராய்ந்த காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. அதை இங்கு விரிக்கவில்லை.

சென்ற மாதம் பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். ஆங்கில முதுகலை முடித்தவர். தா நாங் நகரத்து மாணவர் ஒருவருக்குக் கற்பிக்கத் தொடங்கியிருந்தார். அவருடைய நோட்டில் அதே இருபது சொல் பட்டியல் இருந்தது. "டீச்சர், அவர் எல்லாத்தையும் ஒப்பிக்கிறார், ஒண்ணையும் பயன்படுத்த மாட்டேங்கிறார்" என்றார். அன்று மாலை வகுப்பில் நானும் பக்கத்தில் அமர்ந்தேன். 'சிக்னிஃபிகன்ட்' என்பதற்கு உங்கள் மொழியில் என்ன என்று முதலில் கேட்கச் சொன்னேன். 'டாங் கே' என்றார் மாணவர். டாங் என்றால் தகும், கே என்றால் சொல்லுதல் என்று அவரே பிரித்துச் சொன்னார். இந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "குறிப்பிடத்தக்க!" என்றார். பிறகு 'சிக்னிஃபிகன்ட்' என்பதற்குள் 'சைன்' இருப்பதைக் காட்டினோம். 'சிக்னிஃபிகன்ஸ்', 'சிக்னிஃபிகன்ட்லி', 'சிக்னிஃபை' எனக் குடும்பத்தை வரிசையாக எழுதி, ஈற்றொலியைப் பிரித்துச் சொல்லவைத்தோம். அந்த மாணவர் அந்த வாரம் அனுப்பிய அறிக்கையில் அச்சொல் இரண்டு இடங்களில், இரண்டு வடிவங்களில், பிழையின்றி வந்திருந்தது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். கல்வி இணைப்பில் இந்தப் பொருள் குறித்து மீண்டும் எழுதும்போது, கற்பவரின் தாய்மொழியைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்ளும்படி நம் இளைஞர்களுக்குச் சொல்லுங்கள். வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் கன்னடமும் பள்ளியில் தமிழும் கேட்டு வளர்ந்த கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அது பெரிய சுமையாக இராது. அடுத்து, தங்கள் நாளிதழில் நாள்தோறும் வரும் ஆங்கிலச் சொல் பகுதியில் அரிய சொல்லுக்குப் பதிலாக அந்த 570 குடும்பங்களிலிருந்து ஒன்றை எடுத்து, அதன் வடிவங்களையும் உடன்வரும் சொற்களையும் தந்து, அன்றைய செய்தியிலிருந்தே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கணிசமாக உயர்ந்தது என்ற செய்தி வரும் நாளில் 'சிக்னிஃபிகன்ட்லி' என்பதிலிருந்தே தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
தருமபுரி.