பையை முதலில் திற

ஜெலுத்தோங், பினாங்கு
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள பங்காளி,

இந்தக் கடிதத்தோடு என் மகள் ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுப்பாள். முதலில் அந்தப் பையைத் திற. கடிதத்தை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

பைக்குள் இரண்டு கைப்பிடி அளவு செராமிக் வளையங்கள் இருக்கும். பழுப்பு நிறம், தொட்டால் வழவழவென்று இருக்கும். என் மீன்தொட்டி ஃபில்டரிலிருந்து இன்று சாயங்காலம் எடுத்தவை. அழுக்காக இருக்கிறதே என்று தங்கச்சி பைப்படிக்குக் கொண்டுபோனால் தயவுசெய்து தடுத்துவிடு. உன் புது ஃபில்டரைத் திறந்து, பஞ்சு வைத்திருக்கும் தட்டுக்கு அடுத்த தட்டில் இவற்றை அப்படியே போட்டு மூடி ஓடவிடு. கூட இருக்கும் கொஞ்சம் தண்ணீரைக் கொட்டிவிடலாம். அதில் ஒன்றும் இல்லை, வேண்டிய பாக்டீரியா எல்லாம் வளையத்தின் மேலேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரயிலில் பையை வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதே என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாளைக் காலை முதல் பெர்ரியில் கடந்து பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால், உன் வீட்டு வாசலுக்கு வர ஐந்து, ஐந்தரை மணி நேரம். ஈரம் காயாமலும் காற்று உள்ளே நிறைய இருக்கிற மாதிரியும் கட்டியிருக்கிறேன். தாங்கும்.

நேற்று போனில் நீ சொன்னதைக் கேட்டு வயிற்றைப் பிசைந்தது. புது ஃபில்டர் மாட்டி ஐந்து நாளாகிறது, தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, ஆனால் ஏஞ்சல் மீன்கள் மேல்மட்டத்தில் வந்து வாயை வாயைத் திறக்கின்றன, தீனியைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றாய். கடையில் பூஞ்சை மருந்து கொடுத்தார்கள் என்றும் சொன்னாய். ஊற்றாதே என்று நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது, மன்னித்துக்கொள். அந்த ஐந்தாம் நாளை நான் போன வருஷம் கண்ணால் பார்த்தவன்.

அதை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. மீன் செத்ததை ஒரு சேதியாகச் சொல்வதா என்று இருந்துவிட்டேன். ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், மூன்று நாள். முதல் நாள் ராத்திரி இங்கே இடி மழை. மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் இ.எல்.சி.பி. சுவிட்ச் விழுந்துவிட்டது. சாவி பக்கத்து வீட்டில்தான் இருந்தது, ஆனால் அவர்கள் கவனித்துத் தூக்கிவிட்டது மறுநாள் சாயங்காலம். கிட்டத்தட்ட இருபது மணி நேரம் ஃபில்டர் நின்றிருக்கிறது. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடவில்லை என்றால், உள்ளே இருக்கும் உயிர்கள் அந்தத் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். அதற்குமேல் அவையே சாக ஆரம்பிக்கும், தண்ணீர் அழுகும். கரண்ட் வந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போயிருக்கிறது. நாங்கள் வந்து கதவைத் திறந்தபோது அழுகின முட்டை வாடை. இரண்டு ஏஞ்சல் மிதந்தன.

அதோடு நின்றிருக்கும், பங்காளி. அடுத்து நான் செய்ததுதான் பெரிய கேடு. டப்பாவைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், பஞ்சு, வளையம் எல்லாவற்றையும் பைப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டு, வெள்ளை வெளேரென்று வரும்வரை தேய்த்துக் கழுவினேன். பினாங்கு வீடுகளுக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றுத் தண்ணீர். நாம் குடித்து நோய்வாய்ப்படாமல் இருக்கத்தான் அதில் குளோரின் போடுகிறார்கள். அந்தக் குளோரின் வேண்டிய கிருமி, வேண்டாத கிருமி என்று பார்க்காது. மிச்சம் உயிரோடு இருந்ததையும் நான் என் கையாலேயே கொன்றேன். அப்புறம் மீன்கள் திணறியதைப் பார்த்து, கடையில் சொன்ன மருந்தையும் ஊற்றினேன். பதினான்கு ரஸ்போரா மீனில் ஐந்து மிஞ்சியது. எட்டு வருஷம் வளர்த்த பெரிய ஏஞ்சல் ஒன்பதாம் நாள் போனது. வீட்டுக்காரி அதைக் கறிவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு, அன்றைக்கு என்னோடு பேசவே இல்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். முப்பது வருஷம் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்கு அறிவியலும் சொல்லிக் கொடுத்தவன், இதைத் தெரிந்துகொள்ளாமல் இருந்திருக்கிறேன். மீன் தன் நைட்ரஜன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக விடுகிறது. அதற்கு நிறமில்லை. அதனால்தான் உன் தொட்டித் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது. ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவைத் தின்று நைட்ரைட்டாக ஆக்குகிறது. அதுவும் விஷம்தான், மீனின் ரத்தத்தை ஆக்சிஜன் சுமக்க விடாது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு சேரும்வரை மீன் தாங்கும், வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். இவை பாக்டீரியாவின் வேலை என்பதை 1890 வாக்கில் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் தனித்தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டியிருக்கிறார். கெட்டுப்போன பாலில் இருக்கும் கிருமி அரை மணிக்கு ஒருதரம் இரட்டிக்கும். இவை அப்படி இல்லை. ஒருமுறை இரட்டிக்கப் பல மணி நேரம், சிலதுக்கு ஒரு நாள்கூட ஆகும். புது ஃபில்டரில் போதுமான அளவு குடியேற நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் பிடிக்கிறது.

நீ வாங்கிய புது ஃபில்டரில் ஒரு குறையும் இல்லை. மோட்டார் நன்றாக ஓடும், பஞ்சு தூசியைப் பிடிக்கும். குடியிருப்பவர்கள்தான் இல்லை. பழைய ஃபில்டரின் வளையங்களைப் பின்னால் வாளியில் நாலு நாள் வெயிலில் போட்டிருக்கிறேன் என்றாயே, அங்கேதான் அத்தனை பேரும் இருந்தார்கள். உன்னைக் குறை சொல்லவில்லை. இதை யாரும் நமக்குச் சொன்னதில்லை. பழைய தட்டுகளை அப்படியே தூக்கிப் புது டப்பாவுக்குள் வைத்திருந்தால், ஏஞ்சல்களுக்கு ஃபில்டர் மாறியதே தெரிந்திருக்காது.

நான் அனுப்பியது ஒரு விதை மாதிரிதான். ஒரே நாளில் சரியாகிவிடாது. இரண்டு வாரத்துக்குத் தினமும் தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை மாற்று. புதுத் தண்ணீரில் ஆன்டி-குளோரின் சொட்டுவிட்டுக் கலக்கியபிறகே ஊற்று, மறந்துவிடாதே. தீனியை இரண்டு நாள் அடியோடு நிறுத்து. வளர்ந்த ஏஞ்சல் ஒரு வாரம்கூடப் பட்டினி கிடக்கும், பாவம் பார்த்துத் தங்கச்சி போட்டுவிடப் போகிறாள். அப்புறமும் இரண்டு நாளைக்கு ஒருதரம், ஒரு சிட்டிகை போதும். காற்றுக் குமிழி பம்ப் ஒன்று கட்டாயம் போடு. நம் ஊர் வெப்பத்தில் தண்ணீருக்கே ஆக்சிஜன் குறைவு. 30 டிகிரியில் ஒரு லிட்டரில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் அம்மோனியா சோதனை ஒன்று வாங்கிக்கொள். மஞ்சளாக நின்றால் நிம்மதி. பச்சை தெரிந்தால் அன்றைக்கு இன்னொரு தடவை தண்ணீர் மாற்று. கொஞ்ச நாளில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதே. முதல் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது, இரண்டாவது கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

தோட்டத்து வாய்க்காலில் சண்டை மீன் பிடித்து ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்தோமே, நினைவிருக்கிறதா? ஃபில்டர் ஏது, பம்ப் ஏது. ஒரு கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலையைப் போட்டு உன் லயத்து வீட்டு ஜன்னலில் வைத்திருந்தாய். மாதக்கணக்கில் இருந்தது. அது எப்படி உயிரோடு இருந்தது என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே இன்னொரு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து நம்மைப்போலக் காற்றையே விழுங்கி மூச்சு விடும். ஏஞ்சலுக்கு அந்த வசதி கிடையாது. நாம் அந்தப் பாட்டில் மீனை மனதில் வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் மீன் வளர்த்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தப் பாட்டில் தண்ணீரை உன் அம்மா தினமும் மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, கை கழுவும் முன்பே அந்தப் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள்.

சரி, பழைய ஃபில்டரின் மோட்டாருக்கு வருகிறேன். அதைத் தூக்கி எறிந்துவிடாதே. செந்தூல் ரயில் பட்டறையில் டீசல் இன்ஜினைப் பிரித்து மாட்டியவனுக்கு நான் மோட்டார் பாடம் எடுக்க வரவில்லை. என் கையில் பட்டதைச் சொல்கிறேன், சரியா பார். போன மாதம் எனக்கும் அதே கரகர சத்தம்தான் வந்தது. தண்ணீரைச் சுற்றித் தள்ளும் இம்பெல்லரை உருவினேன், உள்ளே இருக்கும் வெள்ளைத் தண்டு இரண்டு துண்டாக வந்தது. அந்தத் தண்டு செராமிக். துரு பிடிக்காது, தேயாது, ஆனால் பக்கவாட்டில் கொஞ்சம் அழுத்தம் பட்டால் படக்கென்று ஒடியும். இம்பெல்லர் ஒரு காந்தம் என்பதால் உருவும்போது ஒருபக்கமாக இழுக்கும், அந்த இழுப்பில் தண்டு ஒடிந்துவிடும். நேராக மேலே தூக்க வேண்டும். தண்டோடு இரண்டு முனைக்கும் சின்ன ரப்பர் உண்டு, அதையும் சேர்த்தே மாற்று. எனக்கு எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து வெள்ளி ஆயிற்று. உதிரி கிடைக்காது என்று முதல் கடையில் சொன்னார்கள், மூன்றாவது கடையில் கிடைத்தது.

மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) போய்விட்டதா என்று பார்க்க, தண்டு வந்தபிறகு மாட்டித் தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதே, அதற்கு எண்ணெயும் தண்ணீர்தான், குளிர்ச்சியும் தண்ணீர்தான். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் அந்தக் காந்தம் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்று படித்தபோது உன் ஞாபகம்தான் வந்தது. எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்பதுகூட நிச்சயமில்லையாம்; அதனால்தான் அதன் இறக்கைகளை வளைக்காமல் நேராக வைத்திருக்கிறார்கள். நீ பார்த்தால் இதைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்வாய். மூடியின் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்கு சிலிகான் கிரீஸ் மட்டும் தடவு. வாஸ்லின் தடவினால் சிலவகை ரப்பர் ஊதிப் பாழாகும்.

தொட்டிக்குப் பின்னால் இருக்கும் வயர் சாக்கெட்டுக்கு நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொள். சாக்கெட்டை விடக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குள் போகாது. கை உள்ளே விடும்போது சுவிட்சை அணைத்துவிட்டே விடு. தங்கச்சியிடமும் சொல்லு.

இங்கே சேதி பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்காரிக்கு வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது தொட்டி முன்னால் உட்கார்ந்து ரஸ்போராவை எண்ணுகிறாள். ஐந்தாக இருந்தது இப்போது பதினொன்று. புதிதாக ஆறு வாங்கி விட்டேன், இந்தத் தடவை ஒரு மாதம் பொறுத்து. நம் மலாயா ஓடைகளில் இருக்கிற மீன்தானே, தேநீர் நிறத் தண்ணீரில் கூட்டமாகப் போகும்போது செம்பு மாதிரி மின்னுகிறது. நிபோங் திபால் பக்கம் போனபோது தோட்டத்தையும் எட்டிப் பார்த்தேன். லயம் இருந்த இடம் முழுக்கச் செம்பனை. வாய்க்கால் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. குனிந்து பார்த்தேன், காலிக் குப்பிகள்தான் மிதந்தன.

என் முழங்கால் அப்படியேதான். படி ஏறும்போது மட்டும் முனகுகிறது.

தீபாவளிக்கு முன்னால் ஒருதரம் வந்து போ. வரும்போது உன் சின்ன ஸ்க்ரூடிரைவர் செட்டையும் எடுத்து வா. புதுத் தண்டு போட்டபிறகும் என் ஃபில்டர் ராத்திரியில் மெலிதாக ஒரு ரீங்காரம் போடுகிறது. எனக்கு அது காற்றா, ரப்பரா என்று பிடிபடவில்லை. நீ ஒரு நிமிஷம் காதை வைத்துக் கேட்டால் சொல்லிவிடுவாய்.

ஏஞ்சல்கள் கீழே இறங்கி நீந்தத் தொடங்கியதும் எனக்குப் போன் பண்ணு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, விழித்திருப்பேன்.

உன் பங்காளி