சக்கரப் படித்துறைப் பக்கம் மோர் கொடுத்த அம்மாவுக்கு

வேலை விஷயமாக முதல் தடவை கும்பகோணம் வந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் மறுநாள் விடியற்காலையில் ஓடிப் பார்த்தால்தான் ஊர் எனக்குப் பிடிபடும். மகாமகக் குளத்தை, கரையில் இருக்கும் 16 மண்டபங்களையும் பார்த்தபடி, இரண்டு சுற்று சுற்றிவிட்டு வடக்கே ஓடி, சக்கரப் படித்துறையில் காவிரியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் வழி தவறிப்போச்சு. போனிலும் சார்ஜ் இல்லை, கெண்டைக்கால் வேறு இழுத்துப் பிடித்துக்கொண்டது.

வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நீங்கள் மாவுக் கையோடு எழுந்து வந்து, "ஒக்காருப்பா முதல்ல" என்று திண்ணையைக் காட்டினீர்கள். உப்புப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்ட மோர், பெரிய சொம்பு நிறைய. சொம்பில் உங்கள் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை மாவு.

அப்புறம் வழி சொன்னீங்க பாருங்க: "வடக்க காவிரி, தெக்க அரசலாறு, நடுவுலதான் ஊரு. சாரங்கபாணி கோபுரத்தப் பாத்துக்கிட்டே போ, அங்கேர்ந்து குளத்துக்கு யாரும் சொல்லுவாங்க." 11 நிலைக் கோபுரம், கூரைகளுக்கு மேலே தெரிந்துகொண்டே வந்தது.

பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன், அது இன்னும் உறுத்துகிறது. ரொம்ப நன்றிம்மா. அடுத்த தடவை வரும்போது அந்தத் தெருவுக்கு நிச்சயம் வருவேன்.