பால் கணக்கில் பைசா

மாப்ளே,

போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். தம்பி கல்யாணத்துக்கு நீ வராததை ஆச்சி இன்னும் மறக்கவில்லை, அதை அவளிடமே பேசிக்கொள்.

களக்காட்டில் பால் சங்கக் கணக்கை நீ எடுத்திருப்பதாகச் சோடாபுட்டி சொன்னான். ரொம்ப சந்தோஷம்டே, 'கடன் வாங்கிக் கழித்தல்' என்ற பட்டம் இனி உனக்குச் செல்லாது!

விஷயம் இதுதான். இங்கே அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சங்கத்தின் எக்செல் கணக்கைப் பார்த்தேன். வேளைக்கு வேளை வரும் தொகையை இன்ட் ஃபங்ஷன் போட்டு முழு ரூபாய் ஆக்கியிருக்கிறார்கள். 187.95 வந்தாலும் அது 187தான். ரவுண்ட்டவுன் போட்டாலும் இதே கதைதான், பால் ஊற்றுகிறவருக்கே எப்போதும் நஷ்டம். ஒரு வேளைப் பால் சீட்டுக்குச் சராசரி அரை ரூபாய் போகிறது என்று வை, தினம் இரண்டு வேளை, வருஷத்துக்கு 730 சீட்டு, ஒரு வீட்டுக்கு 365 ரூபாய். 200 பேர் ஊற்றினால் 73,000! ஒரு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவளின் காசு அது, எனக்கு மனசே ஆறவில்லை.

அதற்குப் பதில் ரவுண்ட் ஃபங்ஷன் போட்டால் 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும், ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவும் அப்படித்தான். ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஃபார்முலாவில் தொகைக்கு அடுத்து இரண்டாவது எண்ணாக 0 கொடுத்தால் முழு ரூபாய், 2 கொடுத்தால் பைசா வரை.

ஆனால் தசமத்தைக் குறைக்கிற பட்டனை மட்டும் நம்பாதே. அது கண்ணுக்குத் தெரிவதைத்தான் மாற்றும், உள்ளே பைசா அப்படியே கிடக்கும். 212.40, 187.40, 305.40 மூன்றும் 212, 187, 305 என்று தெரியும், கையால் கூட்டினால் 704, கீழே கம்ப்யூட்டர் போட்ட மொத்தமோ 705. பட்டுவாடா அன்றைக்கு யாராவது பேப்பரை நீட்டிக் கேட்டால் என்ன சொல்வாய்?

என் யோசனை, சீட்டில் பைசாவைத் தொடவே தொடாதே. பட்டுவாடாவில் மொத்தத்தை மட்டும் ஒரு தடவை ரவுண்ட் செய், மிச்சத்தைத் தனிப் பத்தியில் போட்டு அடுத்த பட்டுவாடாவில் சேர்த்துவிடு, கூடக் கொடுத்திருந்தால் கழித்துக்கொள். அப்போது யாருக்கும் ஒரு பைசா நிற்காது. உன் ஷீட்டை வாட்ஸப்பில் அனுப்பு, ஃபார்முலாவை நான் போட்டுத் தருகிறேன். அடுத்த பட்டுவாடாவுக்கு முன்னால் அனுப்பிவிடு, என்ன?

உன்
மாப்ளே