கியோட்டோவில் ஒரு ஜூலை மாத விருந்து

கியோட்டோ,
ஜூலை 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவின் முழங்கால் வலி தேவலையா? இங்கே வெயில் தூத்துக்குடி வெயிலைத் தோற்கடிக்கிறது. மூன்று பக்கமும் மலை, காற்றே வருவதில்லை.

"அங்கே என்னதான் சாப்பிடுகிறாய்?" என்று போனில் ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். தினப்படி கதை உனக்குத் தெரிந்ததுதான்: குக்கர் சோறு, முட்டை, பாட்டில் ஊறுகாய். ஆனால் போன வாரம் எங்கள் பிரிவுத் தலைவர் எங்களைக் கைசெக்கி விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். போனில் சொன்னால், "சரி சரி, வயிறு நிறைந்ததா?" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தேநீர்ச் சடங்குக்கு முன் பரிமாறிய எளிய சாப்பாட்டிலிருந்து வளர்ந்த விருந்து இது. இப்போது விலையில் எளிமை இல்லை. ஆளுக்கு 20,000 யென், நம் பணத்தில் பதினோராயிரத்துக்கு மேல். அப்பாவிடம் சொல்லிவிடாதே. மெனு அட்டை கிடையாது. அந்த மாதம் எது விளைகிறதோ, எது வலையில் விழுகிறதோ, அதை வைத்துச் சமையல்காரர் முடிவு செய்வார். ஒவ்வொன்றாக வரும், ஒவ்வொன்றும் இரண்டு வாய்தான். கோடை என்பதால் பாதிப் பாத்திரங்கள் கண்ணாடி.

ஜூலையில் இங்கே கியோன் திருவிழா. 869இல் கொள்ளைநோய் பரவியபோது தொடங்கியதாம். அந்தத் திருவிழாவுக்கென்றே ஒரு மீன் உண்டு. ஹமோ என்று பெயர், கடல் விலாங்கு வகை. கியோட்டோ கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர். ஐஸ் இல்லாத காலத்தில் கோடையிலும் உயிரோடு வந்து சேர்ந்தது இது, அவ்வளவு கெட்டி உயிர். ஆனால் உடம்பெல்லாம் மயிரிழை முள், பிடுங்கி மாளாது. அதனால் முள்ளோடு சேர்த்துப் பொடிப்பொடியாகக் கீறிவிடுகிறார்கள். எங்களுக்கு எதிரிலேயே சமையல்காரர் செய்தார். கனமான கத்தி, சரக் சரக்கென்று ஒரே சீரான சத்தம். மூன்று சென்டிமீட்டருக்குள் இருபதுக்கு மேல் கீறல், அடித்தோல் மட்டும் அறுபடவில்லை. கொதிநீரில் போட்டதும் கீறலெல்லாம் விரிந்து சதை வெளுத்துச் சுருண்டது. ஐஸ் தண்ணீரில் ஆறவைத்து, உப்பில் ஊறிய உமே என்கிற புளிப்புப் பழத்தின் விழுதோடு கொடுத்தார். முள் நாக்கில் தட்டவே இல்லை. நம் மீன் மார்க்கெட்டில் வெட்டுகிறவர்கள் பார்த்தால் அசந்துபோவார்கள்.

அப்புறம்தான் நான் சொல்லவந்த சங்கதி. மூடிபோட்ட அரக்குக் கிண்ணத்தில் தெளிந்த சாறு வந்தது. மூடி இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்; கிண்ணத்தின் விளிம்பை லேசாக அமுக்கினால் விட்டுக்கொடுக்கும். திறந்ததும் வாசனை, அம்மா, மாசிக் கருவாடு! புகைபிடித்த மாசியேதான். கேட்டேன். கத்சுவோபுஷி என்றார். மாலத்தீவிலிருந்தும் லட்சத்தீவின் மினிக்காயிலிருந்தும் நமக்கு மாசியாக வருகிற அதே சூரை மீன். இங்கேயும் அவித்து, புகைபோட்டு, கட்டையாகக் காயவைக்கிறார்கள். நல்ல ரகத்துக்குப் பூஞ்சணம் ஏற்றி மாதக்கணக்கில் வைக்கிறார்களாம். நாம் இடித்துச் சம்பலில் போடுகிறோம். இவர்கள் இழையாகச் சீவி, கொம்பு என்கிற கடற்பாசி ஊறிய சுடுநீரில் கொஞ்ச நேரம் போட்டு வடிகட்டிவிடுகிறார்கள். மிளகாய், புளி எதுவுமில்லை. முதல் வாய்க்குச் சப்பென்று இருந்தது. மூன்றாவது வாய்க்கு மேல் கிண்ணத்தைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அந்தக் கடற்பாசிச் சாற்றின் ருசி எதனால் என்று ஆராய்ந்துதான் 1908இல் இக்கேதா என்ற கியோட்டோக்காரர், நீ ஆகாது என்று ஒதுக்குகிற அஜினமோட்டோவைக் கண்டுபிடித்தார். உன் எதிரியின் பிறந்த வீடு இதுதான்!

பிறகு ஆயு என்கிற ஆற்று மீன், நீந்துகிற வளைவிலேயே கம்பியில் குத்தி உப்போடு சுட்டது, தலையோடு சாப்பிடலாம். உருண்டைக் கத்தரிக்காயில் மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுது தடவியது. இன்னும் என்னென்னவோ. எல்லாம் முடிந்த பிறகுதான் சோறு! மண்பானைச் சோறு, ஊறுகாய், மிசோ சூப். சோற்றை முதலில் போடாத விருந்தை நீ விருந்தென்றே ஒத்துக்கொள்ள மாட்டாய். எனக்கும் அந்த ஒன்று மட்டும் பிடிக்கவில்லை. ஆனால் பானையின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி, "வேண்டுமா?" என்று மரியாதையாகக் கேட்டுப் போட்டார்கள். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டேன்.

நிஷிகி கடைத்தெருவில் கத்சுவோபுஷி ஒரு கட்டை வாங்கி வைத்திருக்கிறேன், டிசம்பரில் கொண்டுவருகிறேன். சீவுகிற பெட்டிதான் யானை விலை. இழைப்புளியைக் கவிழ்த்துப் பெட்டியில் பதித்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நம் தெரு ஆசாரியிடம் ஒன்று செய்து தருவாரா என்று அப்பாவைக் கேட்கச் சொல். படம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மகள்