அளக்காத இளநீர்

ஆசிரியருக்கு,

குடல் அறுவைச் சிகிச்சை முடிந்த அண்ணனுக்குத் துணையாக நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றில் நான்கு இரவுகள் இருந்தேன். குழாய் வழியே சிறுநீர் சேரும் பையைச் செவிலியர் அடிக்கடி குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டார். கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது வர வேண்டுமாம்; 60 கிலோ அண்ணனுக்கு 30 மில்லி. வாந்தி, வடிகுழாயில் வருவது, டிரிப் எல்லாமே கணக்கு. நாங்களோ, உறவினர் தோப்பிலிருந்து கொண்டுவந்த இளநீரைச் செவிலியர் கண்ணில் படாமல் அண்ணனுக்குப் புகட்டினோம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. (நல்லவேளை, இரண்டு மடக்கோடு பிடிபட்டோம்!)

இரவில் வார்டு முழுவதற்கும் ஒரே செவிலியர். எத்தனை பேருக்குத்தான் அளப்பார்? இன்னொருவரை நியமிக்க வேண்டும். கட்டிலருகே அளவுக் குவளையும் உடலுக்குள் போவதையும் வெளியேறுவதையும் குறிக்கத் தமிழில் அச்சிட்ட வரவு செலவுத் தாளும் வைத்தால், குடித்ததையாவது நாங்களே எழுதிவிடுவோம்.

– வாசகர், தக்கலை