மண்சரிவுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் என்ன சம்பந்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் நகர மைதானத்தில் நடந்த மூன்று நாள் ஜெபக்கூட்டத்தில் போதகர் ஒருவர் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிப் பேசியதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் பற்றித் தங்கள் பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. கூட்டத்துக்கு நான் போகவில்லை. போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை; ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் தோட்டம் வரைக்கும் தெளிவாகக் கேட்டது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவள், தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் நாள் இரவு அவர் சொன்னது இதுதான்: ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும் சேர்ந்து வாழ்வதை இந்த மலை பொறுத்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் மண் சரிந்து வருகிறது. வெளியே அடைமழை. எங்கள் கீழ் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிறவர்களை வீட்டை விட்டுப் பாடசாலைக்குப் போய்ப் படுக்கச் சொல்லியிருந்த வாரம் அது. பயந்துபோயிருக்கும் சனத்திடம் அப்படிச் சொன்னால் அவர்கள் யாரைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

அடுத்த நாள் பையன்கள் சிலர் மைதான வாசலை மறித்து நின்றார்கள். பொலிஸ் வந்தது, கூட்டம் பாதியில் நின்றது. அவர்களுக்கு வந்த கோபம் எனக்கும் வந்ததுதான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது யார் செய்த பாவத்தால்? அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. ஆனாலும் அந்தச் சனம் மண் சரியும்வரை அதே லயங்களில்தான் இருந்தது. போதகர் பாவத்தைத் தேடுவதென்றால் அங்கே போய்த் தேடியிருக்கலாம்.

சரி, எதிர்ப்பு நியாயமானது. ஆனால் மரக்கறி வாங்கப் போன வழியில், வாசலில் நின்ற கூட்டம் கத்திய சில சொற்கள் என் காதிலும் விழுந்தன. போதகரைத் திட்டுவதற்கு அவர்களுக்குக் கிடைத்த சொல் ‘ஒன்பது’. இன்னொருவன் ‘பொட்டைப் பயலே, வெளிய வாடா’ என்றான். யாருக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி வந்தார்களோ, அந்தப் பிள்ளைகளை ரோட்டில் விரட்டும் அதே சொற்கள். அப்புறம் பேச்சு ‘மதம் மாத்த வந்த கூட்டம்’, ‘சபையைப் பூட்டு’ என்று போய்விட்டது. அதோடு தன்பாலீர்ப்பாளர்களை எல்லோரும் மறந்தாயிற்று. பழைய பகை ஒன்றைத் தீர்த்துக்கொள்ள இந்தப் பேச்சு ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

சின்னச் சபைப் போதகரை மறிப்பது சுலபம். 2025 இல் இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தன்பாலீர்ப்பாளர்களான பயணிகளையும் வரவேற்கும் திட்டம் ஒன்றுக்கு ஆதரவு தெரிவித்தபோது, கத்தோலிக்கக் கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் எதிர்த்தார், பௌத்த மகாநாயக்க தேரர்களும் எதிர்த்தார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு பதாகைகூடக் கட்டப்படவில்லை. அவ்வளவு தூரம் ஏன்? எங்கள் கோயில் திருவிழாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த பெரியவரும் கலிகாலம், முறைகேடு என்று இதையேதான் சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் சுண்டலை வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தோம். நானும்தான்.

கூட்டம் நின்றுபோன அன்று மாலை, அந்தச் சபைக்குப் போகிற ஓர் அம்மா என் வீட்டுக்கு வந்தார். கொழுந்து பறித்துப் பென்சன் எடுத்தவர். புருஷன் குடியால் குடும்பம் சிதறியிருந்த காலத்தில், வீடு தேடி வந்து பக்கத்தில் இருந்தது அந்தச் சபைக்காரர்கள்தான்; கோயில் கமிட்டி இல்லை. சபையைப் பூட்டினால் அவருக்குப் போக இடமில்லை. அவருடைய மகனை எனக்கு நன்றாகத் தெரியும், என்னிடம் படித்தவன். இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அங்கே அவனும் இன்னொரு பையனும் ஒன்றாக வாழ்கிறார்கள் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒற்றைச் சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிற எங்களிடம் எது மறையும்?

அந்த அம்மா தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்: “எம் மவனாலயா டீச்சர் மண்ணு சரியுது?”

இல்லை என்று சொன்னேன். அதை நம்பினாரா என்று தெரியாது.

அந்தப் பையன் சிறுவயதில் எப்படி நடத்தப்பட்டான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நடத்தியவர்களில் நானும் ஒருத்தி. ‘பொம்பளப் புள்ள மாதிரி நடக்காத’ என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு எனக்கும் பிடித்திருந்தது. அதே பையன் மாசி மாதம் காமன் கூத்தில், காமனான மதனின் மனைவி ரதியாக ஆடினான். விரதமிருந்து, சேலை கட்டி, பொட்டு வைத்து அவன் வந்தபோது தோட்டமே எழுந்து நின்றது. மதன் எரிந்து ரதி அழுத இடத்தில் அழாத ஆள் இல்லை. மறுநாள் காலை அதே பாதையில் அவன் கடைக்குப் போனபோது விசில் அடித்தார்கள். காமன் கூத்து எங்கள் பண்பாடு, அடையாளம் என்று மேடைக்கு மேடை பேசுகிறோமே, அந்த விசிலும் அதில் சேருமா?

என்னை மாதிரி ஆசிரியர்களுக்கு ஒரு செய்தி. 2021 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றாக வாழும் இரண்டு பெண்களின் வழக்கு வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இது பற்றித் தமக்குச் சரியான புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகுதான் உத்தரவு எழுதினார். நீதிபதியே உட்கார்ந்து படிக்கலாம் என்றால் டீச்சருக்கு என்ன வந்தது?

போதகர் கடைசியாகப் பிடித்த கொம்பு சட்டம். ‘நாட்டுச் சட்டமே குற்றம் என்கிறது’ என்றார். உண்மைதான். தண்டனைச் சட்டக்கோவையில் இதைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கோவை 1883 இல் வந்தது. கோப்பி செத்து, எங்கள் பூட்டன்மார் தேயிலை நட்டுக்கொண்டிருந்த காலத்தில் வெள்ளைக்காரன் எழுதியது. வேதத்திலிருந்தோ தேவாரத்திலிருந்தோ எடுத்ததல்ல. 1995 இல் திருத்தினார்கள். நீக்குவதற்குப் பதிலாக, ஆண்களை மட்டும் குறித்த 365அ வில் பெண்களையும் சேர்த்துவிட்டார்கள். அப்புறம் இது குற்றமல்ல என்று ஆகும்படி இந்தப் பிரிவுகளைத் திருத்த, பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்தவர்கள் நம் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் போனார்கள். அந்தச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று நீதிமன்றம் தீர்மானித்தது 2023 மே மாதம் பாராளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வாக்கெடுப்பு மட்டும் நடக்கவில்லை. 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது சட்டமூலமும் அதோடு போனது.

சட்டம் சொல்கிறது என்பதற்காக மலையகத்தான் தலையாட்டுவது எனக்கு விளங்கவில்லை. எங்களை நாடற்றவர்களாக்கியதும் 1948 இல் முறையாக நிறைவேற்றிய ஒரு சட்டம்தான்.

இனித் தங்களிடம் இரண்டு வேண்டுகோள். செய்தித் தலைப்பில் ‘ஓரினச்சேர்க்கை விவகாரம்’ என்று போட்டிருந்தீர்கள். ‘தன்பாலீர்ப்பு’ என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது, அதைப் போடுங்கள். மற்றது, 2023 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத் தீர்மானத்தை லேசான தமிழில், பகுதி பகுதியாகவாவது வெளியிடுங்கள். எங்கள் தோட்ட வாசிகசாலைக்கு வருவது உங்கள் பத்திரிகை ஒன்றுதான். வாசலில் நின்ற பையன்களும் அங்கேதான் வந்து பார்ப்பார்கள், சபைக்காரர்களும் அங்கேதான்.

அந்த அம்மாவுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டம். வந்ததும் நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
நுவரெலியா மாவட்டம்.